இசைக் கேண்மை

மதுரைப் புறத்து ஆயர்பாடியில் ஒருநாட் காலையில் தீக்குறிகள் பல தோன்றின. குடத்திலிட்ட பால் தோயவில்லை. ஏற்றின் கண்கள் நீர் சொரிந்தன. ஆக்களின் கழுத்துமணிகள் அறுந்து நிலத்தில் வீழ்ந்தன. வரவிருப்பது யாதென அறியாது அஞ்சிய மாதரி, தன் மகள் ஐயையை அழைத்து, கண்ணகியும் காணும்படி குரவை ஆடுதற்கு ஏற்பாடு செய்தாள். ஆயர் மகளிர் எழுவரை நிறுத்தி, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழிசைப் பெயர்களை அவர்க்கு முறையே இட்டாள் என்று இளங்கோவடிகள் கூறுவர். சிலப்பதிகாரத்தை ஆராய்ந்தோர் இப்பகுதியைப் பண்டைத் தமிழர் இசையிலக்கணத்திற்குச் சான்றாகவே பெரிதும் எடுத்தாள்வர். நரம்புகள் நின்ற முறை யாது, பாலைகள் திரிந்தவாறு யாது என்னும் வினாக்களே அவர்தம் கருத்தைக் கவர்ந்தன. அவை பெருவினாக்களே. ஆயினும், இலக்கண நுட்பம் அறியாதார்க்கும் அப்பகுதி உணர்த்தும் எளிய உண்மை ஒன்றுண்டு. எழுவருள் ஒருத்திக்கு ஓரிசையே உரியது. அவ்வோரிசையைக் கொண்டு அவள் தனித்து நின்று பண்ணொன்றும் எழுப்புதல் இயலாது. எழுவரும் கைகோத்து நின்றவிடத்தே பண் பிறக்கின்றது.

இசையை ஆக்கியோரைப் பற்றியும் பாடியோரைப் பற்றியும் எழுதப்பட்ட நூல்கள் பல. தாம் கேட்டு மகிழ்ந்ததைப் பிறர்க்குக் கேட்பித்து மகிழ்ந்தோரைப் பற்றி எழுதப்பட்டவை மிகச் சில. அவர்கள் பெரும்பாலும் வித்துவான்கள் அல்லர். கணக்கரும் மருத்துவரும் வணிகரும் துறவியருமாக இருந்தனர். ஆயினும், தென்னாட்டிசையின் கடந்த இருநூறு ஆண்டு வரலாற்றை உற்று நோக்குமிடத்து, புதிய இசை நுழைந்த வாயில்களும், மறைந்து கிடந்த பழைய இசை வெளிவந்த வாயில்களும் இத்தகையோராலேயே திறக்கப்பட்டமை புலனாகும். ஒருவர்க்கொருவர் இசையைக் கொடுத்துக் கொள்ளும் இவ்வுறவை இசைக் கேண்மை எனலாம். அஃது எவ்வாறு தொழிற்பட்டது, அதற்குத் தடையாய் நின்றது யாது, அத்தடை எவ்வழியால் நீங்கியது என்பன ஆராயத்தக்கன.

முதற்கண் கொள்ளத்தக்கது தீட்சிதர் குடும்பத்தின் வரலாறு. இராமசுவாமி தீட்சிதர் தம் மக்களோடு சென்னைக்கு அணித்தாகிய மணலியில் முதலியார் குடும்பத்தாரின் ஆதரவில் வாழ்ந்தார். அக்காலத்தே சென்னைக் கோட்டையில் ஆங்கிலக் கும்பினியாரின் பாண்டு வாத்தியம் முழங்கிக்கொண்டிருந்தது. மணலி வேங்கடகிருஷ்ண முதலியார் தீட்சிதரின் மைந்தர்களை அங்கு அழைத்துச் சென்று அவ்விசையைக் கேட்பித்தார். மைந்தருள் ஒருவராகிய பாலுசுவாமியின் உள்ளம் வயலினிற் சென்றது. அதனையறிந்த முதலியார், ஐரோப்பியர் ஒருவரிடம் அக்கருவியை அவர் பயிலுமாறு வகை செய்தார். பாலுசுவாமி அதனைப் பயின்றதோடு அமையாது, தம்முடைய இசைக்கேற்ப அதனைப் பழக்கவும் செய்தார். இன்று வயலின் இல்லாத கருநாடக இசை அரங்கை எண்ணிப் பார்த்தலும் அரிது. அக்கருவி இவ்விசையிற் குடிபுகுந்தமைக்குப் பாலுசுவாமியும், தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலுவும் காரணராவர் என்பது வரலாறு. ஆயின், பாலுசுவாமியைக் கோட்டைவாயில் வரை அழைத்துச் சென்றவர் பெயர் அரங்குகளில் நினைக்கப்படுவதில்லை.

பாலுசுவாமியின் தமையனார் முத்துசுவாமி தீட்சிதரோ அவ்விசைக்கு வேறொருவகையாக எதிர்மொழி கூறினார். அவர் மேனாட்டு மெட்டுக்களுக்கு வடமொழிச் சாகித்தியங்கள் இயற்றினார். நோட்டுசுவர சாகித்தியங்கள் என வழங்கும் அவை ஏறத்தாழ 40 ஆகும். ஆங்கிலேயர் தம் அரசரை வாழ்த்திப் பாடும் மெட்டும் அவற்றுள் இறைவனைப் பாடும் பாட்டாயிற்று. இவற்றைச் சிறுபிள்ளைகள் பாடுதற்குரிய எளிய பாடல்கள் என ஒதுக்குவாரும், ஆட்சியாளர் இசைக்குத் தலைவணங்கியவை எனக் குறைகூறுவாரும் உளர். இவ்விரு கூற்றும் பொருந்துவன அல்ல. கமகம் செறிந்த இசையில் ஊறிய செவி, கமகமற்ற நேரிய சுவரங்களால் ஆகிய இசையைக் கேட்டு, அதன் இயல்பைக் கெடாது ஏற்றுக்கொண்டமை அவற்றிற் காணப்படுகின்றது. தீட்சிதர் அம்மெட்டுக்களை இராகங்களாக வளைக்க முயலவில்லை. அவற்றை அவற்றின் நடையிலேயே விடுத்துத் தம் சொல்லை மட்டும் ஈந்தார். புதிய இசையைக் கேட்குந் திறம் என்பது இதுவே. தன் அளவுகோலைச் சிறிது நேரம் கீழே வைத்துவிட்டுப் பிறிதொன்றின் அளவுகோலை ஏந்திப் பார்ப்பவனே புதியதைக் காண்பான்.

முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் எட்டயபுரத்தில் மறைந்தார். பாலுசுவாமி எட்டயபுர அரசவை வித்துவானாக விளங்கினார். அவர் தம் மகள் வயிற்றுப் பேரராகிய சுப்பராமரைச் சுவீகாரங்கொண்டு, தமையனாரின் கிருதிகளையும் குடும்பத்திற் பேணப்பட்ட ஏட்டுச் செல்வங்களையும் அவர்க்கு அளித்தார். 1839இற் பிறந்த சுப்பராம தீட்சிதர், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அச்செல்வம் முழுவதற்கும் காவலராய் எட்டயபுரத்தில் வாழ்ந்தார். அந்நிலையில், ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் ஒரு முதலியார் அக்குடும்பத்தார்க்கு மேனாட்டிசையைக் கேட்பித்ததுபோல, மற்றொரு முதலியார் மேனாட்டு இசையெழுத்தைக் கையிற்கொண்டு அவர்பால் வந்தார்.

அவர் அ. மு. சின்னசாமி முதலியார். சென்னை அரசாங்கச் செயலகத்திற் பணிபுரிந்தவர், எம். ஏ. பட்டம் பெற்றவர், கிறித்தவர், மேனாட்டு இசையிலும் தென்னாட்டு இசையிலும் ஒருங்கே ஈடுபட்டவர். தியாகராச சுவாமிகள் 1847இல் மறைந்தபின், அவர்தம் கிருதிகள் மாணாக்கர் வழிவழியாகப் பிரிந்து, வழிக்கொரு பாடமாய்த் திரியத் தொடங்கியதைக் கண்டு அவர் கவன்றார். சுவாமிகளின் நேர்மாணாக்கராகிய வாலாசாப்பேட்டை வேங்கடரமண பாகவதரின் புதல்வர் கிருஷ்ணசாமி பாகவதரிடம் அக்கிருதிகளைக் கேட்டு, மேனாட்டுக் கோட்டெழுத்தில் வரைந்து, 1892 முதலாகத் தொகுதி தொகுதியாக அச்சிட்டு வெளியிட்டார். கீழைநாட்டு இசையை ஐரோப்பியச் சுரலிபியில் தருவது என்னும் பொருள்பட அந்நூற்குப் பெயரிட்டார். இம்முயற்சியில் அவர் தம் பொருளை இழந்தார். நுண்ணெழுத்துக்களோடு இரவும் பகலும் பொருதமையாற் கண்ணொளியும் குன்றலாயிற்று.

முதலியாரின் முயற்சியை மதிப்பிடுமிடத்து அதன் குறையை மறைத்தல் ஆகாது. கோட்டெழுத்து சுவரத்தின் நிலையையும் காலத்தின் அளவையும் செவ்வனே காட்டவல்லது. ஒரு சுவரத்திலிருந்து மற்றொன்றிற்குக் குரல் இழைந்து செல்லும் வழியையும், ஒரே சுவரம் நின்றவாறே அசையும் அசைவையும் காட்டுதற்கு அவ்வெழுத்துப் பிறந்ததன்று. தோடியின் காந்தாரத்தைக் கோட்டின்மேல் ஒரு புள்ளியாக இட்டுவிட்டால், அஃது இன்ன இடத்து நிற்கும் சுவரம் என்பது விளங்குமேயன்றித் தோடி விளங்காது. ஆயினும், அவர் யாருக்காக எழுதினார் என்பதை நோக்குதல் வேண்டும். இவ்விசையை ஒருபோதும் கேட்டிராத பிறநாட்டார் கையில் அதனைச் சேர்ப்பித்தலும் அவர் நோக்கங்களுள் ஒன்று. முன்பின் அறியாதார்க்கு ஒன்றைக் கொடுக்க விழைவோன் அவர் அறிந்த மொழியிற் பேசியே ஆகவேண்டும். அம்மொழியாற் சொல்லமுடியாதது எஞ்சுமாயின், அது கொடுத்தவன் குற்றமன்று; அடுத்து வருவோன் ஆற்றவேண்டிய பணி.

அப்பணியை ஆற்றுதற்குரியவர் சுப்பராம தீட்சிதரே. ஆயின் அவர் தயங்கினார். குடும்பத்தின் ஏடுகளைத் திறந்து யாவர்க்கும் பொதுவாக்குதற்கு அவர் உள்ளம் எளிதில் உடன்படவில்லை. இத்தகைய தயக்கத்தை இவறன்மை என்று இகழ்தல் பிற்காலத்தார்க்கு எளிது. தென்னாட்டு வித்துவான்கள் பலர் அரிய உருப்படிகளை மாணாக்கர்க்கும் மறைத்து வைத்தனர் என்ற பழி இன்றும் வழங்குகின்றது. அப்பழி முற்றும் பொய்யன்று. ஆனால், எல்லா மறைப்பும் ஒருதன்மையது அன்று. தன் மதிப்புக் குன்றுமென்று அஞ்சி மறைப்பவன் ஒருவன். கொடுத்த பொருள் கெடுமென்று அஞ்சி மறைப்பவன் மற்றொருவன். முன்னவன் அச்சம் தன்னைப் பற்றியது. பின்னவன் அச்சம் இசையைப் பற்றியது. குருவின் எதிரிலமர்ந்து, தவறுந்தோறும் திருத்தப்பெற்று, ஆண்டுகள் பல கழித்துப் பெறவேண்டிய ஒன்று, விலைகொடுத்து வாங்கிய தாளில் ஏறி, திருத்துவார் இன்றி ஊரெங்கும் திரியுமாயின் அதற்கு நேர்வது யாது? இவ்வினாவிற்குச் சின்னசாமி முதலியாரின் கோட்டெழுத்து விடைகூறவில்லை. ஆதலின், காவலரின் தயக்கம் அறிவுடையதே என்க.

தயக்கத்தை நீக்கியவர் மீண்டும் முதலியாரே. கண்ணொளி குன்றிய நிலையிலும் அவர் எட்டயபுர அரசரை நேரிற் கண்டு, தீட்சிதர் குடும்பத்தின் இசைச்செல்வம் நூலாக வெளிவருதல் வேண்டுமென்று இரந்தார். அரசர் இசைந்தார், அரசரின் சொல்லுக்கும் முதியவரின் வேட்கைக்கும் தீட்சிதர் இணங்கினார். 1904இல் எட்டயபுரத்து வித்தியா விலாசினி அச்சுக்கூடத்திலிருந்து சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி வெளிவந்தது. 1,500 பக்கங்களுக்கு மேற்பட்ட அப்பெருநூல் 72 மேளங்களையும் அவற்றின் வழிப்பட்ட இராகங்களையும் முறைப்படுத்தி, ஒவ்வொன்றிற்கும் இலக்கணங்கூறி, கீதங்களையும் கிருதிகளையும் சுவரப்படுத்தித் தந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகள் மட்டும் 200க்கு மேல் அதன்கண் உள்ளன. இசைப்புலவர் பலரின் வரலாறுகளும் அதிற் சேர்க்கப்பட்டன. மணலியில் நிகழ்ந்தவை பிற்காலத்தார்க்குத் தெரியவந்ததும் அவ்வரலாறுகளாலேயே.

இந்நூலின் பெருமை அதன் பருமையில் இல்லை. தயங்கிய உள்ளம் கண்ட விடையில் இருக்கின்றது. கம்பிதம், சாரு, நொக்கு, இரவை, கண்டிப்பு, வளி என்றாற்போல் வரும் கமகங்கள் ஒவ்வொன்றிற்கும் தனித்தனிக் குறி வகுத்து, சுவர எழுத்துக்களின்மேல் அவற்றை இட்டு, பாடும் வழியையும் பாட்டோடு சேர்த்தே தீட்சிதர் கொடுத்தார். கெடுமென்று அஞ்சியவர், கெடாவண்ணம் கொடுக்கும் நெறியைத் தேடினார். மறைத்தலும் வாரியிறைத்தலும் அல்லாத மூன்றாம் நெறி இது. காப்பதற்காகவே கொடுத்தல் என்று இதனைச் சொல்லலாம். காவலரின் அச்சமின்றிக் கொடுப்போன் ஊக்கம் மட்டுமே நின்றிருப்பின் குறிகளற்ற வெறுஞ் சுவரங்களே எஞ்சியிருக்கும். கொடுப்போன் ஊக்கமின்றிக் காவலரின் அச்சம் மட்டுமே நின்றிருப்பின் ஏடுகள் கறையானுக்கு இரையாகியிருக்கும். இருவரும் கூடியமையாலேயே நூல் பிறந்தது. சமயத்தானும் தொழிலானும் வாழ்ந்த ஊரானும் வேறுபட்ட இருவரை இசையொன்றே ஒருங்கு சேர்த்தமை நினைவிற் கொள்ளத்தக்கது.

இந்நூற்கும் எல்லையுண்டு. தெலுங்கெழுத்தில் வெளிவந்தமையின் தமிழெழுத்து மட்டுமே அறிந்தார்க்கு அது நெடுங்காலம் எட்டாக்கனியாய் இருந்தது. சென்னை மியூசிக் அக்காதெமி 1961 முதலாகத் தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பதிப்பினாலேயே அக்குறை நீங்கிற்று. கொடுத்தல் என்பது ஒருமுறை செய்து முடிக்கப்படுவதன்று. ஒவ்வொரு தலைமுறையும் தன் எழுத்தில் மீண்டும் செய்யவேண்டுவது என்பதற்கு அவ்வரையாண்டு நூற்றாண்டு இடைவெளியே சான்று.

நூல் வழியாலன்றி முற்றிலும் செவி வழியால் நிகழ்ந்த கேண்மைக்கு வீணை தனம்மாளின் இல்லம் எடுத்துக்காட்டு. சென்னை சியார்ச்சு டவுணில் அவர் வாழ்ந்த வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைதோறும் அவர் வீணை வாசிப்பதும், இசைவாணரும் சுவைஞரும் வந்து அமர்ந்து கேட்பதும் வழக்கமாயிருந்தன. கேட்போர் தொகை சிறிது. அவர் காக்கவேண்டிய அமைதியோ பெரிது. மெல்லிய அவ்வீணையொலிக்குச் சிறு சலசலப்பும் தடையாகும். சாத்தனூர்ப் பஞ்சநத ஐயரிடமிருந்து அவர் பெற்ற தீட்சிதர் கிருதிகளையும், க்ஷேத்திரக்ஞரின் பதங்களையும் அவர் வாசிக்கக் கேட்டு, ஒரு பாட்டு எவ்வளவு மெதுவாக நடத்தல் கூடுமென்பதைப் பெரும் வித்துவான்களும் அங்கே உணர்ந்தனர். 1938இல் அவர் மறைந்தபின்னும் அவர்தம் பேர்த்தியராகிய பிருந்தா, முக்தா, பாலசரசுவதி ஆகியோர் வழியாக அவ்விசை வாழ்ந்தது. அச்சு நூலாற் கொடுக்கவியலாத ஒன்றை, அதாவது நாதத்தின் நிதானத்தை, அவ்வீடு கொடுத்தது. ஆயின் அவ்வீட்டின் வாயிலை அடைந்தோர் சிலரே என்பதும் உண்மை. சிறு கூட்டத்தின் நுட்பமும் பெருங் கூட்டத்தின் பயனும் ஒருங்கே அமைதல் அரிது. ஒன்றைப் பெறுதற்கு மற்றொன்றை இழக்கவேண்டியிருத்தலை எல்லாக் காலத்து இசைக்கூட்டங்களிலும் காணலாம்.

பெருங் கூட்டத்தை நாடியவர் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர். சித்த மருத்துவத்தால் ஈட்டிய பெரும்பொருளை அவர் இசைக்கே செலவிட்டார். 1912இல் தஞ்சையிற் சங்கீத வித்தியா மகாசன சங்கத்தை நிறுவி, தம் செலவிலேயே மாநாடுகள் பல கூட்டினார். தனித்தனி ஊர்களில் தனித்தனி மரபுகளைப் போற்றியிருந்த வித்துவான்களை ஒரு பந்தலின்கீழ் அமர்த்தி, ஓர் இராகத்தின் இலக்கணம் இதுவோ அதுவோ என்று யாவரும் கேட்க வாதிடச் செய்தார். 1916இற் பரோடாவில் நடந்த அனைத்திந்திய சங்கீத மாநாட்டிலே தம் கொள்கையைத் தம் புதல்வியர் இருவரைக் கொண்டு பாடியும் வீணையில் இசைத்தும் காட்டுவித்தார். 1917இற் கருணாமிர்த சாகரம் வெளிவந்தது. ஒரு தானத்தில் அமைவன 22 சுருதிகள் என்னும் வழக்கை மறுத்து, 24 என்று அவர் நிறுவ முற்பட்டார். அவர் முடிபை ஏலாதார் பலர். ஆயினும், அம்மாநாடுகளின் பயன் முடிபிலன்று, முறையில் அமைந்தது. அதுகாறும் ஒரு மரபினர் மற்றொரு மரபினரை அவர் இல்லாவிடத்துப் பழித்தனர். அம்மாநாடுகளிலோ எதிரிலிருத்திப் பாடிக்காட்டி மறுத்தனர். கேண்மை என்பது உடன்பாடு மட்டுமன்று. முரண்படுவோன் பாட்டையும் முழுதுங்கேட்டு முரண்படுதல் கேண்மையின் உயர்ந்த படியாகும்.

இவ்வாராய்ச்சி வழியில் ஈழநாட்டின் பங்கு விபுலானந்த அடிகளால் நிறைந்தது. கிழக்கிலங்கைக் காரைதீவில் 1892இற் பிறந்த அடிகள், கணிதமும் விஞ்ஞானமும் கற்றுத் துறவு பூண்டு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராய் இருந்தவர். பல்லாண்டு உழைத்து அவர் இயற்றிய யாழ்நூல் 1947ஆம் ஆண்டு சூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தாரின் ஆதரவில் அரங்கேறியது. அடிகள் கணக்கிட்ட முறைப்படி செய்யப்பட்ட யாழ்க்கருவிகளை அங்கே ஊர்வலமாக எடுத்துச் சென்றனர். ஒரு திங்கள் கழிந்து, சூலை 19ஆம் நாள் அடிகள் மறைந்தார்.

யாழ்நூலின் முடிபுகள் அனைத்தும் ஐயத்திற்கு இடமில்லாதன என்று கூறவியலாது. பெயரும் உறுப்பும் செய்யுள்களில் எஞ்சியிருக்க, ஒலி முற்றும் மறைந்துபோன கருவியை மீட்பது கருதலளவையாலேயே இயல்வது. பண்டிதர் 24 என்றதை மறுத்து அடிகள் 22 என்னும் வழக்கின்மேல் தம் கணக்கை நிறுவினார். பின்வந்தோர் அதனையும் ஆராய்ந்தனர். ஆனால், ஏட்டில் உறங்கிய நரம்புகளின் பெயரை எண்ணாக மாற்றி, எண்ணைக் கருவியாக மாற்றி, கருவியை மக்கள் கூடிய திருக்கோயிலிற் கொண்டுவந்து வைத்தமையே அடிகளின் தனிச்சிறப்பு. அஃது அவர் ஒருவரால் இயன்றதன்று. 1892ஆம் ஆண்டிற் சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை உரைகளோடு அச்சேற்றியிராவிடின், அரங்கேற்று காதைக்கும் ஆய்ச்சியர் குரவைக்கும் எழுந்த பழைய உரைகள் காரைதீவிற் பிறந்த மகவின் கைக்கு எட்டியிரா. பொருளுதவிய நாச்சாந்துபட்டிச் சிதம்பரஞ் செட்டியார் இல்லையேல் நூல் அச்சேறியிராது. சின்னசாமி முதலியாரின் கோட்டெழுத்துத் தொகுதி வெளிவரத் தொடங்கியதும் அவ்வாண்டே என்பது ஒருபுடை ஒப்புமை. ஒருவரையொருவர் அறியாதோர் ஒரே வட்டத்தில் கைகோத்து நின்றதுபோல இவை தோன்றுகின்றன.

கைகோவாது விடுபட்டவற்றின் கதி யாதென்பதையும் அச்சிலப்பதிகார உரையே கூறும். பெருநாரை, பெருங்குருகு முதலிய இசைத்தமிழ் நூல்கள் இறந்தன என்று அடியார்க்குநல்லார் எழுதிச் சென்றார். அவை எவ்வாறு இறந்தன என்று அவர் விரிக்கவில்லை. தீயும் நீரும் செல்லும் அழித்திருக்கலாம். அவற்றினும் பெரிய காரணம், படியெடுத்துப் பிறர்க்குக் கொடுப்போர் இன்மையே ஆகும். ஓரிடத்து மட்டும் உள்ளது ஓரிரவில் அழியும். இஃது யாழ்ப்பாணத்தார்க்கு விளக்கிக் கூறவேண்டிய செய்தியன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தோடு எரிந்த 97,000 வரையிலான நூல்களுள்ளும் சுவடிகளுள்ளும், வேறிடத்துப் படியுள்ளவை மீண்டும் வாங்கப்பட்டன, படியில்லாதவை மீண்டில.

நூலினும் நிலையற்றது நாதம். யாழ்ப்பாணத்துக் கோயில் வீதிகளில் தமிழகத்து நாதசுர வித்துவான்களும், இணுவில், அளவெட்டி முதலிய ஊர்களின் ஈழத்துக் கலைஞரும் இரவு முழுதும் எதிரெதிர் இருந்து வாசித்த மேளச் சமாக்கள் ஒருகாலத்து இந்நாட்டின் திறந்தவெளி இசைக்கழகங்களாய் விளங்கின. அங்கே அனுமதிச் சீட்டில்லை. முன்வரிசை பின்வரிசை இல்லை. மணலிலிருந்து கேட்ட உழவனும் ஆசிரியனும் மறுநாள் சந்தையிலும் பள்ளியிலும் முன்னிரவின் பல்லவியைத் தாளமிட்டுப் பேசினர். சென்னையில் ஒரு வீட்டினுள் நிகழ்ந்தது இங்கே வீதியில் நிகழ்ந்தது. தவில்மேதை தட்சணாமூர்த்தி அத்தகைய சூழலில் வளர்ந்து, கடல் கடந்து தமிழகத்தாரையும் வியப்பித்தவர். 1975இல் அவர் மறைந்தபோது, அவர் வாசித்தவற்றுட் பெரும்பகுதி காற்றோடு கலந்துவிட்டது. எஞ்சியது ஒலிப்பதிவுகளிலும் கேட்டோர் நினைவிலுமே. அவரைப் பற்றி அம்ஷன் குமார் ஆக்கிய ஆவணப்படம் இந்திய தேசிய விருது பெற்றது. நேரிற் கேட்டார் நினைவுகளைத் திரட்டியே அத்தகைய படம் ஆக்கல் இயலும். தவிலின் ஓசை நாடாவில் ஏறும். இன்ன இடத்திற் கூட்டம் மூச்சடங்கி நின்றது என்பது நாடாவில் ஏறாது. அதனைச் சொல்வார் வாய் வேண்டும். கேட்பார் செவி வேண்டும்.

வடஇலங்கைச் சங்கீத சபை 1931 முதல் தேர்வுகளை நடத்தியும், மருதனார்மடத்து இராமநாதன் நுண்கலைக் கழகம் 1960 முதல் பயிற்சியளித்தும் முறையான இசைக்கல்வியை இந்நாட்டில் நிலைநிறுத்தின. அவற்றின் பணி பெரிது. ஆனால், தேர்வு ஒருவனைப் பாடவல்லவனாக்கலாம். கேட்டதைப் பிறர்க்குக் கொடுக்க விழைபவனாக்குதல் அதன் எல்லைக்கு அப்பாற்பட்டது. அவ்விழைவு வீதியிலும் திண்ணையிலும் நண்பர் நடுவிலும் தோன்றுவது.

இன்றைய நிலை முற்காலத்தார் கனவினும் காணாதது. கையளவினதாகிய கருவியில் தனம்மாளின் பழைய இசைத்தட்டும், தட்சணாமூர்த்தியின் தனியாவர்த்தனமும், உலகின் எம்மூலையில் எழுந்த இசையும் நொடியில் ஒலிக்கின்றன. எட்டயபுரத்து ஏட்டுக்காக ஒருவர் கண்ணை இழந்த நாட்டில், இசைக்குப் பஞ்சம் என்பது நீங்கிற்று. ஆயினும் பஞ்சம் நீங்கியவுடன் விருந்தோம்பலும் நீங்கிவிடுமோ என்று ஐயுறவேண்டியுள்ளது. செவியடைக்கும் கருவியை அணிந்து ஒவ்வொருவரும் தனித்திருந்து கேட்கின்றனர். ஆயிரம் பாட்டுக்களைப் பிறர்க்கு அனுப்புவோன் அவற்றுள் ஒன்றையேனும் அவரோடு அமர்ந்து கேட்பது அரிதாயிற்று. பொருளைக் கைமாற்றுதல் வேறு; கேட்பித்தல் வேறு. மணலி முதலியார் கோட்டைவாயிலைச் சுட்டிக்காட்டி அனுப்பிவிடவில்லை. உடன்சென்று உடனின்று கேட்டார். அதனாலேதான் மூவரில் ஒருவனுடைய உள்ளம் வயலினிற் சென்றதை அவரால் அறியமுடிந்தது. சுப்பராம தீட்சிதர் சுவரங்களை மட்டும் கொடுத்து அமையவில்லை. எவ்வாறு அசைத்தல் வேண்டுமென்பதையும் ஒவ்வோர் எழுத்தின்மேலும் எழுதினார். உடனிருத்தலும் வழிகூறுதலுமே கொடையைக் கேண்மையாக்குகின்றன.

இவ்விரண்டும் பெருஞ்செல்வமோ பெரும்புலமையோ வேண்டுவன அல்ல. இளைஞர் நால்வர் மாலையில் ஓரிடத்துக் கூடி, ஒருவன் தான் புதிதாகக் கேட்டதொன்றை ஏனையோர்க்குக் கேட்பித்து, 'இவ்விடத்தை உற்றுக் கேளுங்கள்' என்று சொல்வதற்கு அரசர் ஆணை தேவையில்லை. ஏனையோருள் ஒருவன் 'இஃது எனக்கு உவப்பில்லை' என்று கூறுவானாயின், அவனும் அவ்வட்டத்தில் தன் நரம்பை மீட்டியவனே ஆவன். மாதரி கூட்டிய குரவை கோவலனைக் காக்கவில்லை. வரவிருந்த துன்பம் வந்தே தீர்ந்தது. ஆயினும், அன்று எழுவர் கைகோத்து ஆடியமையால் ஏழிசையின் பெயரும் நின்ற முறையும் இன்றுவரை நிலைத்தன. எட்டாவதாக வந்து கைகோப்பார்க்கு அவ்வட்டம் இன்னும் இடங்கொடுத்தே நிற்கின்றது.